பதினோரு கிலோமீட்டர் மண் ரோடு

"தார் ரோட்ல எத்தனை ஓடும், மண்ல எத்தனை ஓடும்? சுமாரா சொல்லுங்கோ சார், போதும்" என்று வசுதா கேட்டாள்.

அவள் ஜீப்பின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு சின்ன அளவுகோலை டயரின் பள்ளத்துக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளம் என்று சொல்ல அங்கே அதிகம் மிச்சமில்லை.

"ராமாபுரம் தாண்டிக் கொஞ்ச தூரம் வரைக்கும் தார். நூத்திப் பதினெட்டு" என்றான் கிருஷ்ணராஜ். "அதுக்கப்புறம் பதினொண்ணு மண். மாசத்துக்கு ரெண்டு தடவ போய் வருவேன். மத்த நாள் வண்டி சும்மா நிக்கும். நான் கம்பெனி பஸ்ல போயிடுவேன்."

"அப்போ நூத்துக்குத் தொண்ணூறு தார்." அவள் எழுந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இங்க வர்றவா பாதிப் பேர் சேத்துக்குப் போடற பெரிய பட்டன் டயரா கேப்பா. போட்டுண்டு ஆபீசுக்கும் மாலுக்கும்தான் ஓட்டுவா. உங்களுக்கு நெஜமாவே மண் ரோடு இருக்கு. ஆனா ஸ்வல்பம்தான் இருக்கு."

ஸ்வல்பம் என்றது அவனுக்குப் பிடிக்கவில்லை. கணக்கு சரிதான். ஆனால் அந்த நூற்றிப் பதினெட்டு கிலோமீட்டரை அவன் பொறுத்துக்கொள்வதே கடைசிப் பதினொன்றுக்காகத்தான்.

வசுதாவின் மாமனார் நடத்திய டயர் கடை அது, மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் இருந்தது. பொறியியல் படித்துவிட்டு வந்த மருமகள் ஆறு வருஷத்தில் கடையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். வருகிறவர் தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்தால் தன் வீட்டு ஐயங்கார் தமிழில் பேசுவாள், நடுவே கன்னடம் தானாக வந்து விழும். எதை விற்கிறோம் என்பதைவிட, வாங்குகிறவர் எங்கே போகிறார் என்பதைத்தான் அவள் அதிகம் கேட்பாள் என்று அவன் வேலை பார்க்கிற ஃபேக்டரியில் சொன்னார்கள். கிருஷ்ணராஜ் அங்கே வந்ததும் அதனால்தான்.

"எத்தனை வருஷத்துக்கு வேணும்?" என்று அவள் அடுத்த கேள்வி கேட்டாள்.

"வருஷமெல்லாம் வேண்டாம் மேடம். என் வொய்ஃப் அங்க நர்ஸ். அடுத்த மாசம் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் இருக்கு. மைசூருக்கே வந்துடுவா. அதுக்கப்புறம் இந்த வண்டிக்கு மண்ணே கிடையாது."

"ஓஹோ." அவள் டயரை இன்னொரு தடவை பார்த்தாள். "அப்போ நல்ல ரோடு டயரே போதும், அதுவும் அப்புறமா போட்டுக்கலாம். ஆனா அதுவரைக்கும் மழை பேஞ்ச அன்னிக்கு இதோட மண்ல எறங்காதீங்கோ. இது டயர் இல்ல சார், வெறும் ரப்பர் வளையம்."

"கவுன்சிலிங் முடியட்டும், வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

டயர் வாங்குவதைத் தள்ளிப்போட்டதில் அவனுக்கு என்னவோ ஒரு சந்தோஷம் இருந்தது. வாங்காமல் இருக்க இருக்க சொர்ணலதா வருவது நிச்சயமாகிற மாதிரி.

அவனுக்கும் சொர்ணலதாவுக்கும் கல்யாணமாகி இரண்டரை வருஷம். இரண்டு பேருக்குமே வயது கூடித்தான் கல்யாணம் நடந்தது. அவனுக்கு முப்பத்தாறு, அவளுக்கு முப்பத்து மூன்று. அவன் மைசூரில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய அப்பா மில் வேலைக்காகச் சேலம் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவளுக்கு ஊர் ராமாபுரம். பெண் பார்க்கப் போனபோதே அவள் சொல்லிவிட்டாள், "எனக்கு ஆலதபோட்டுல போஸ்டிங். காட்டுக்குள்ள சோலிகர் பழங்குடி ஊரு. மூணு வருஷம் முடியாம டிரான்ஸ்ஃபர் கேக்க முடியாதுங்க. உங்களுக்கு ஒத்து வருமான்னு நல்லா யோசிச்சுக்கோங்க." அவன் யோசிக்கவில்லை. அவள் பேசிய விதம் பிடித்துப்போய், அப்போதே சரி என்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டரை வருஷத்தில் அவர்கள் சேர்ந்தாற்போல ஒரே கூரைக்குக் கீழே இருந்தது அதிகபட்சம் பதினோரு நாள், அதுவும் அவளுக்கு டைஃபாய்டு வந்து லீவு போட்டபோது. அந்தப் பதினோரு நாளில் அவன் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டான். அவள் காய்ச்சலோடு எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்று, புளியைக் குறைக்கச் சொன்னது அவனுக்கு இன்னும் நினைவிருந்தது. அதன் பிறகு தனக்காக மட்டும் ரசம் வைக்கும்போதும் புளியைக் குறைத்தே போட்டான்.

ஆலதபோட்டில் துணை சுகாதார நிலையமும் அதை ஒட்டி அவளுக்கு ஒரு குவார்ட்டர்ஸும் இருந்தன. போனில் பேச வேண்டுமென்றால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏற வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் ஏறுவாள். ஏறாத நாளில் யாருக்கோ பிரசவம் என்று அவன் புரிந்துகொள்வான். புரிந்துகொண்டாலும் ஆறரை வரைக்கும் போனைக் கையில் வைத்திருப்பான்.

செப்டம்பரில் இரண்டாவது சனிக்கிழமை அவன் வழக்கம்போல விடியற்காலையில் புறப்பட்டான். வெள்ளிக்கிழமை மைசூரில் தூறல்கூட இல்லை. கொள்ளேகாலில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான், ஹனூர் பக்கம் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நல்ல மழை என்று கடைக்காரர் சொன்னார். வசுதா சொன்னது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போவதைப் பற்றி அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பதினைந்து நாளாகக் காத்திருந்த சனிக்கிழமை அது.

தார் முடிந்து, காட்டுச் சோதனைச் சாவடியில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே இறங்கினான். முதல் ஆறு கிலோமீட்டர் செம்மண், கல் கலந்தது. மெதுவாகப் போனால் ஏறிவிட்டது. ஏழாவது கிலோமீட்டரில் ஓடை. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது, அதையும் தாண்டினான். ஓடைக்கு அப்புறம் வருகிற கரிசல் மேட்டில்தான் வண்டி நின்றது.

நான்கு சக்கரத்துக்கும் ஓட்டத்தைக் கொடுத்துப் பார்த்தான். நான்கும் சுற்றின, வண்டி நகரவில்லை. சோப்பு நுரையில் கால் வைத்தது மாதிரி ஜீப் மெல்லப் பக்கவாட்டில் வழுக்கி, ஒரு கல்லில் போய் இடித்து நின்றது. இறங்கிப் பார்த்தான். டயரில் இருந்த கொஞ்சநஞ்சப் பள்ளமும் களிமண்ணால் அடைபட்டு, சக்கரம் முழுக்க மெழுகிவிட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. கல்லில் இடித்த டயரின் பக்கவாட்டு ரப்பர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெப்னியை எடுத்து மாட்டலாம் என்றால், ஜாக்கி வைக்கிற இடமெல்லாம் சேறு. வைத்தால் ஜாக்கிதான் உள்ளே போகும்.

இன்னும் நான்கு கிலோமீட்டர். நடந்தே போய்விடலாம் என்று அவன் பையைத் தோளில் மாட்டியபோது, எதிரே ஒருவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். ஆலதபோட்டுக்காரர், அவனை அடையாளம் தெரிந்தவர். காலையில்தான் அந்த வளைவில் ஒற்றை யானை நின்றது, தனியாக நடக்காதீர்கள், வண்டியிலேயே இருங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். சாவடியில் சொல்லி டிராக்டர் வரவழைப்பதாகச் சொல்லிக் கீழே நடந்தார். அவருக்குக் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்த அவருடைய மகன் செய்தி சொல்லக் குறுக்குப் பாதையாக ஆலதபோட்டுக்கே திரும்பினான்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மேட்டின் உச்சியில் ஒரு நீலக் குடை தெரிந்தது. சொர்ணலதா வந்துகொண்டிருந்தாள். கூடக் கம்பு வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள், கையில் தூக்குப் போசி. அவளைப் பார்த்ததும் அவன் ஜீப்பிலிருந்து இறங்கி நின்றான். மற்ற இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே கொஞ்ச தூரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏனுங்க, இந்த மழைல வருவாங்களா?" என்றாள். "நான் பாறைமேல நின்னு மூணு தடவ கூப்பிட்டேன். வராதீங்கன்னு சொல்லோணும்னு. லைனே கெடைக்கல."

"சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன்."

"அது தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

போசியில் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் இருந்தன. இரண்டு பேரும் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரே மூடியில் சாப்பிட்டார்கள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் அவள் அவன்மேல் சரிந்து சரிந்து வந்தாள். முதலில் நகர்ந்து உட்கார்ந்தாள், பிறகு நகராமல் இருந்துவிட்டாள். அவள் தலையில் மழைவாசனையும் டெட்டால் வாசனையும் அடித்தன. இப்படியே டிராக்டர் வராமல் போனால்கூட நல்லதுதான் என்று அவன் நினைத்தான்.

"கவுன்சிலிங் தேதி வந்துச்சா?" என்று கேட்டான்.

அவள் களியை உருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "வந்துச்சுங்க. முடிஞ்சும் போச்சு."

"எப்ப?"

"போன வியாழக்கிழமை வரைக்கும் மனு கொடுக்க டைம் இருந்துச்சு. எம்பேரு லிஸ்ட்ல மேலதான் இருந்துச்சு. மைசூர் தாலுகாவுலயே ரெண்டு இடம் காலி." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நான் கொடுக்கலீங்க."

அவனுக்கு முதலில் புரியவில்லை. மறந்துவிட்டாளோ, நெட் கிடைக்கவில்லையோ என்றுதான் நினைத்தான். கேட்டான்.

"மறக்கல. நெனச்சுத்தான் விட்டேன். நான் வர்றதுக்கு முன்னால இங்க நாலு வருஷம் யாருமே இல்ல. நான் போனா இன்னொருத்தி வருவான்னு பெரிய டாக்டரே சொல்ல மாட்டேங்கறாரு. அது ஒண்ணு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இன்னொண்ணும் இருக்குது. பொய் சொல்ல வேண்டாம். எனக்கு இந்த வேலை இங்க செய்யப் பிடிச்சிருக்குதுங்க. அங்க வந்தா வரிசைல நிக்கறவங்களுக்கு ஊசி போடுவேன். இங்க ஒவ்வொரு வூட்டுலயும் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் லதா."

"கேட்டா நீங்க வேண்டாம்னு சொல்ல மாட்டீங்க. சரின்னு சொல்லீட்டு, மூஞ்சிய அப்படி வெச்சுக்குவீங்க. அதப் பார்த்துட்டு நான் மனுவக் கொடுத்திருப்பேன். அதான் கேக்கல."

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். அவள் சொன்னது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் கோபம் அதிகமாக வந்தது. இரண்டரை வருஷமாக வாடகை வீட்டில் ஒவ்வொன்றாகச் செய்து வைத்ததெல்லாம் கண்முன் வந்தது. அவள் உயரத்துக்கு இறக்கி அடித்த சமையலறை அலமாரி. அவளுக்கு வெயில் பட வேண்டும் என்று கிழக்குப் பார்த்து மாற்றிப் போட்ட கட்டில். இந்த வருஷ தசராவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு விளக்கு அலங்காரம் பார்க்க எந்தத் தெருவழியாக நடப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தான்.

"உனக்கு என்கூட இருக்கணும்னே தோணலையா?" என்று கேட்டான். கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

அவள் போசியை மூடினாள். "தெனமும் ஆறு மணிக்கு அந்தப் பாறைமேல ஏறறனே, எதுக்குன்னு நெனச்சீங்க?" என்று மட்டும் சொன்னாள். அவள் குரல் உடைந்தது.

அவன் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அதற்குள் மேட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. கௌரம்மா என்பவளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டதாம், சிஸ்டர் உடனே வர வேண்டுமாம். மரத்தடியில் இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். சொர்ணலதா இறங்கிக் குடையை விரித்தாள்.

"டிராக்டர் வந்ததும் திரும்பிப் போயிடுங்க. மேல ஏற வேண்டாம், இன்னும் மோசமா இருக்குது. போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுங்க, நான் பாறைக்குப் போகும்போது பார்த்துக்கறேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். நீலக் குடை மேடேறி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மத்தியானம் டிராக்டர் வந்து ஜீப்பை இழுத்து ஓடைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அவன் மைசூருக்குத் திரும்பினான். 'வந்துட்டேன்' என்று ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பினான். கௌரம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

அடுத்த முறை போக வேண்டிய சனிக்கிழமை அவன் போகவில்லை. மெஷின் ரிப்பேர், ஓவர்டைம் என்று போனில் சொன்னான். அவள் நம்பவில்லை என்பது அவள் சரி என்று சொன்ன விதத்திலேயே தெரிந்தது. தினமும் ஆறு மணிக்குக் கூப்பிட்டாள். அவன் சாப்பாட்டைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிவிட்டு வைத்தான். ஒரு நாள் அவள் பேச ஒன்றுமில்லாமல் சும்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஏதோ பறவை கத்துவது கேட்டது. அவனும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

போகாமல் விட்ட சனிக்கிழமைக்கு மறுநாள் வீட்டில் இருக்க முடியவில்லை. வாசலில் நின்ற ஜீப்பைக் கழுவப் போனான். சக்கர வளைவுக்குள் ஆலதபோட்டுக் கரிசல் மண் காய்ந்து இறுகியிருந்தது. திருப்புளியால் நெம்பி நெம்பி எடுத்தான். ஒரு பக்கெட் நிறைய வந்தது. எடுக்க எடுக்க அவனுக்கு ஒன்று உறைத்தது. அன்றைக்கு அவள் நான்கு கிலோமீட்டர் சேற்றில், யானை நின்ற வழியில், கர்ப்பிணி ஒருத்தியை விட்டுவிட்டு நடந்து வந்தாள். அவன் நல்ல டயர் போட்டிருந்தால் அவள் நடந்திருக்க வேண்டியதில்லை. அவள் வந்துவிடுவாள் என்று இவன் காத்திருந்த காலமெல்லாம், இவன் போய்ச் சேர்வதற்கு வேண்டியதைச் செய்யவில்லை.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் கடைக்குப் போனான். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். கடை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. வசுதா அவனைப் பார்த்ததும், "டிரான்ஸ்ஃபர் ஆயிடுத்தா சார்? ரோடு டயர் எடுத்து வெக்கட்டுமா?" என்றாள்.

"ஆகல மேடம். மண்ணுக்கு ஏத்த மாதிரி போடுங்க. இருக்கறதுலயே பெரிய பட்டனா."

அவள் கிழிந்த டயரைத் திருப்பிப் பார்த்தாள். கரிசலா செம்மண்ணா, கல் எப்படி இருக்கும், ஏற்றம் எவ்வளவு, ஓடையில் தண்ணீர் எதுவரை வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல, அந்தப் பதினோரு கிலோமீட்டரும் தனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நோடி சார், இங்க பாருங்கோ" என்று அவள் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். "இது முழுக்க சேத்துக்குன்னே செஞ்சது. கட்டை கட்டையா இருக்கு பாருங்கோ. களிமண்ண உதறித் தள்ளிடும். நீங்க மாட்டிண்ட மேட்டுல இது ஜம்முனு ஏறும். ஆனா தார்ல சத்தம் தாங்காது, சீக்கிரம் தேயும். அத விட முக்கியம், ஈரமான தார்ல பிரேக் அடிச்சா லேட்டாத்தான் நிக்கும். மழைல நூத்திப் பதினெட்டு கிலோமீட்டர் இதுல போறேள். மண் ரோடு வர்றதுக்கு முன்னாடி நீங்க முழுசா போய்ச் சேரணுமே?"

"அப்ப இன்னொண்ணு?"

"இது ரெண்டுக்கும் நடுவுல. ரெண்டு ரோட்டுக்கும் ஆகும். மண்ல அது அளவு ஏறாது, தார்ல ரோடு டயர் அளவு சத்தமில்லாம இருக்காது. ஆனா ரெண்டுலயும் கை விடாது. முக்கியமா இதோட பக்கவாட்டு கனம். மூணு அடுக்கு. உங்க டயர் அங்கதானே கிழிஞ்சது? காட்டுல டயர் தேஞ்சு போறத விட பக்கம் கிழிஞ்சு போறதுதான் ஜாஸ்தி. தார் முடியற எடத்துல நின்னு காத்தக் கொஞ்சம் எறக்கிக்கோங்கோ, திரும்பி வர்றப்போ ஏத்திக்கோங்கோ. பாதி வேலைய அதுவே பண்ணிடும்."

அவன் குனிந்து அந்த டயரின் பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தான். கெட்டியாக இருந்தது. புது ரப்பர் வாசனை அடித்தது.

"எவ்வளவு நாள் வரும்?"

"நீங்க ஓட்டற ஓட்டத்துக்குத் தேயவே தேயாது. ஆனா ரப்பருக்கு வயசு இருக்கு. ஆறு வருஷத்துக்கு மேல இறுகிப் போயிடும், அப்போ பள்ளம் இருந்தாலும் மாத்திடணும்." டயரின் பக்கத்தில் பொறித்திருந்த நான்கு எண்களைக் காட்டினாள். "இது ஆகஸ்ட்ல செஞ்சது. புதுசு. ஆறு வருஷம் நம்பலாம்."

ஆறு வருஷம். அது முடியும்போது அவனுக்கு நாற்பத்து நான்கு ஆகியிருக்கும். ஜீப்பின் கதவில் சாய்ந்து நின்றான். ஆறு வருஷமும் இரண்டாவது சனி, நான்காவது சனி என்றே போய்விடுமா? ஒரு வருஷம் தாங்குகிற டயர் போதும் என்று சொன்னால் சொர்ணலதா ஒரு வருஷத்தில் வந்துவிடப் போகிறாளா? வசுதா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்கோ, அவசரமே இல்ல" என்று சொல்லி, பக்கத்து வண்டியைப் பார்க்கப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது, "இதையே போடுங்க. அஞ்சும்" என்றான். "ஸ்டெப்னியும் இதுவே இருக்கட்டும்."

ஆயுத பூஜையும் விஜயதசமியும் சேர்ந்து, ஞாயிறோடு மூன்று நாள் லீவு வந்தது. மைசூருக்குள் வருகிற வண்டிகள் நரசிபுரம் ரோட்டில் மைல் கணக்கில் நின்றன. அவன் எதிர்த் திசையில் காலி ரோட்டில் போனான். புது டயர் தாரில் ஒரே சுருதியில் ரீங்காரம் போட்டது. தார் முடிகிற இடத்தில் காற்றை இறக்கிக்கொண்டான். ஓடையைத் தாண்டி, மேட்டில் முதல் கியரில் விட்டான். நடுவில் ஒரு தடவை சக்கரம் வழுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. மேலே ஏறி நின்றபோது அவன் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

துணை சுகாதார நிலையத்தின் வராந்தாவில் சொர்ணலதா ஒரு குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தாள். ஜீப் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள், கையிலிருந்த குழந்தையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்க, தசராவ விட்டுட்டு இங்க என்ன?"

"அந்தக் கூட்டத்துல யாரு நடப்பா?" என்றான். பிறகு, "அன்னிக்கு உன்னை அப்படி அனுப்பியிருக்கக் கூடாது லதா" என்றான்.

அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். "இவன் கௌரம்மா பையன். அன்னிக்குப் பொறந்தவன். பொறந்தப்ப ரெண்டு கிலோ எண்ணூறு" என்றாள். குழந்தையின் தாய் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் இன்றைக்கு உயிரோடு சிரிப்பதற்கு லதா அங்கே இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, அவன் குழந்தையைத் தாயிடம் கொடுத்தான்.

அந்த மூன்று நாளில் இரண்டு தடவை அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அவள் வருகிறவரை அவன் ரசம் வைத்தான், குவார்ட்டர்ஸ் கதவின் தாழ்ப்பாளைச் சரி செய்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் இருவரும் பாறைமேல் ஏறினார்கள். போன் பேச யாரும் இல்லாமல் அங்கே உட்கார்ந்திருப்பது அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

"அடுத்த வருஷம் இன்னொரு நர்ஸ் போடறதா சொல்லியிருக்காங்க" என்றாள். "வந்தா, அப்ப மனு கொடுக்கறேன். வராட்டி தெரியலீங்க. இப்ப எதையும் சொல்லி உங்கள நம்ப வெக்க மாட்டேன்."

"வேண்டாம். வரும்போது வா. அதுவரைக்கும் நான் வர்றேன்."

அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "போன தடவ சனிக்கிழமை நீங்க வரல. நான் சாயங்காலம் வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தேன்" என்றாள். அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவளும் ஜீப்பில் ஏறினாள். மறுநாள் காலையில் ராமாபுரத்தில் தடுப்பூசிப் பெட்டி வாங்க வேண்டும். ராத்திரி அம்மா வீட்டில் தங்கிவிட்டுத் திரும்புவாள். அவனுக்கு விடிந்தால் ஷிஃப்ட். மண் ரோட்டை அவன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான். முந்தின ராத்திரி தூங்காததால் அவள் ஓடை வருவதற்குள் கண்ணை மூடிவிட்டாள். ஓடைத் தண்ணீரில் இறங்கியபோதும் விழிக்கவில்லை. தார் வந்தது. காற்றை ஏற்ற நிறுத்தினான், பம்ப் சத்தத்துக்கும் அவள் விழிக்கவில்லை. லேசாக வாயைத் திறந்து, கதவில் தலையை வைத்துத் தூங்கினாள்.

ராமாபுரத்தில் அவள் அம்மா வீட்டுத் தெருமுனையில் ஜீப்பை ஓரமாக நிறுத்தினான். எழுப்ப மனம் வரவில்லை. இஞ்ஜினை அணைத்தால் விழித்துவிடுவாள் என்று அதையும் அணைக்கவில்லை. எதிர்க் கடையில் வாழைத்தாரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாமராஜநகர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கால் மணி நேரம் இருக்கும். அவள் தூங்குகிற முகத்தை அவன் இவ்வளவு நேரம் பகலில் பார்த்ததே இல்லை.

அவள் விழித்து, தெருவைப் பார்த்து, அவனைப் பார்த்தாள். "எழுப்பறதுதானுங்க? நேரமாயிருச்சு, இருட்டறதுக்குள்ள கொள்ளேகால் தாண்ட வேண்டாமா?"

"தாண்டிடலாம்."

"உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க."

"வந்தா அத்தை சாப்பிடாம விட மாட்டாங்க. அடுத்த தடவ வர்றேன்."

அவள் இறங்கினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னலில் கையை வைத்தபடி நின்றாள். கடைசியில் அவளே கையை எடுத்தாள்.

வளைவு திரும்புகிறவரை பக்கக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். அப்புறம் ரோடு நேராக ஹனூரைப் பார்த்துப் போனது. நான்காவது சனிக்கிழமைக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.